வீடும் கிணறும் சொந்தமா என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி இதுதான்: "எட்டு வருடம் கொழும்பில் இருந்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்புகிறோம். எனக்கு யாழ் நகரில் வேலை. மனைவிக்குச் சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம். மூத்தவளுக்கு 14 வயது, இளையவனுக்கு 8. இரண்டு சம்பளமும் சேர்த்துக் கைக்கு 165,000 ரூபா வரும். அம்மாவின் சீதன வீடு வேலணையில் பூட்டிக் கிடக்கிறது. நல்லூர்ப் பக்கம், சாவகச்சேரி, பருத்தித்துறை, வேலணை, இதில் எங்கே இருந்தால் இந்தக் காசு போதும்? ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்."

தம்பி, ஆளுக்கொரு தொகை சொல்வது உண்மைதான். அவர்கள் யாரும் பொய் சொல்லவுமில்லை. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் பிரிவில் 27 வருடம் இருந்தேன். கடன் கேட்டு வருபவரை முன்னால் இருத்தி, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவதுதான் வேலை. "மாதம் எழுபதினாயிரம் போதும் ஐயா, குறையொன்றுமில்லை" என்று சொன்ன வீடும் உண்டு. அதே தெருவில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் வந்தும் நகையை அடைவு வைத்த வீடும் உண்டு. ஏன் இந்த வித்தியாசம் என்று துருவிக் கேட்டால் திரும்பத் திரும்ப நான்கு விடயங்களில்தான் வந்து நிற்கும். வீடு யாருடையது, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா, வளவில் என்ன நிற்கிறது, வெளியிலிருந்து யார் காசு அனுப்புகிறார்கள். இந்த நான்கையும் எங்கள் சனம் வருமானமாக எண்ணுவதில்லை. அதனால் அவர்கள் சொல்லும் தொகையை அப்படியே எடுத்து உங்கள் கணக்கில் போட்டால் பிழைக்கும்.

வீட்டை எடுங்கள். தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம். பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணியும் வீடும் போவது அதற்கு முன்பே இருந்த வழக்கம். அதனால் இங்கே கலியாணம் கட்டிய கையோடு ஒரு கூரை கிடைத்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வாடகை என்ற பேச்சே இல்லை. "எண்பதாயிரத்தில் சீவிக்கலாம்" என்று அவர் சொல்லும்போது, தான் கொடுக்காத வாடகை அவருக்கு ஞாபகத்தில் வராது. உங்களுக்கு அது மாதம் பிறந்ததும் வந்து வாசலில் நிற்கும்.

சரி, முதலில் ஒரு முழுக் கணக்குப் போடுவோம். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம், சொந்த வீடு, நால்வர், அதில் ஒரு பிள்ளை சாதாரண தரத்தை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை 2025 விலைகளை வைத்து நான் போட்ட மதிப்பீடு. உங்கள் கைப்பழக்கத்துக்கு ஏற்ப ஐயாயிரம் கூடலாம், குறையலாம்.

அரிசியும் மாவும் 9,000. நாட்டரிசிக்குக் கிலோ 230, சம்பாவுக்கு 240 என்று 2024 டிசம்பரில் உச்சவிலை வைத்தார்கள். காலையில் புட்டு, இரவில் இடியப்பம் என்று பழகிய வீட்டில் அரிசி கொஞ்சம் கூடத்தான் போகும். மரக்கறி 10,000. மீன், இறைச்சி, முட்டை 14,000. பால்மா, பசும்பால் 7,000. தேங்காய் நாளுக்கு ஒன்று என்றால் 5,000. பருப்பு, எண்ணெய், சீனி, தேயிலை, தூள், சவர்க்காரம் எல்லாமாக 8,000. ஆக அடுப்படிக்கு 53,000. காஸ் 4,000. கறண்ட் பில் 5,000, மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைப்பதும் இதற்குள். தொலைபேசியும் இணையமும் 4,000. போக்குவரத்து 10,000. ரியூசன் 15,000. பாடசாலைக் கொப்பி, சப்பாத்து, சுற்றுலா, வகுப்புக் காசு 5,000. மருந்து 5,000. கோயில் உபயம், கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு 7,000. உடுப்பு, வீட்டுத் திருத்தம் 6,000. சேமிப்பு அல்லது சீட்டு 10,000. கூட்டிப் பாருங்கள், 124,000.

இதில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. நான் வசதி என்று சொல்வது மூன்றே விடயம். மாத முடிவில் சங்கிலி அடைவுக்குப் போகக் கூடாது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டோவுக்குக் காசு தேட வேண்டி வரக் கூடாது. ரியூசன் காசுக்காகப் புருசன் பெண்சாதி சண்டை பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத வீட்டைத்தான் நான் வசதியான வீடு என்று எழுதுவேன்.

இந்தத் தொகை கூடவா குறையவா என்று பார்க்க அரசாங்கப் புள்ளிவிவரத்தையும் ஒருமுறை பாருங்கள். 2019 குடும்ப வருமான, செலவு அளவீட்டில் இலங்கை முழுவதற்கும் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பத்தையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 53,333தான். சராசரியைப் பணக்காரர் சிலர் மேலே இழுத்துவிடுவார்கள், ஆகவே எப்போதும் நடுவில் நிற்பதைப் பாருங்கள். அந்த வருடம் ஆளொருவருக்கான மாத வறுமைக்கோடு 6,966 ரூபா. 2024இல் அதுவே 16,000ஐத் தாண்டி நின்றது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். அப்படியென்றால் 2019இல் நாட்டின் நடுவில் இருந்த குடும்பம் அதே நிலையில் இருக்க இன்றைக்கு 110,000 முதல் 125,000 வரை தேவை. என் கணக்கும் அதற்குள்தான் வருகிறது.

அந்த வறுமைக்கோட்டை நாலால் பெருக்கினால் 65,000 ரூபா அளவில் வரும். அது வசதியின் தொடக்கமல்ல, அதற்குக் கீழே போனால் அரசாங்கமே ஏழை என்று எழுதும் எல்லை. 2025 ஏப்ரலில் தனியார் துறைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ஆக்கப்பட்டது. கடையில் நிற்கும் ஒரு பிள்ளை அந்த வருடம் அந்தச் சம்பளத்தோடு ஒரு வீட்டைத் தாங்கியது என்றால், அந்தக் கோட்டின் பாதிக்குக்கூட அது வரவில்லை. மிக வறிய குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த அஸ்வெசும உதவிப்பணம் 17,500. அதையும் சேர்த்தால் 44,500. எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் அந்த வருடம் இதுதான் நடப்பு. இதை எழுதும்போது மனம் கனக்கிறது, ஏனென்றால் இந்தக் கணக்கில் இருக்கும் முகங்களை எனக்குத் தெரியும்.

இனி இடங்களுக்கு வருவோம்.

நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்தில் இரண்டு அறை வீடொன்று 35,000க்குக் குறைந்து கிடைப்பது கடினம். நல்லூர்க் கோயிலை அண்டியும் பல்கலைக்கழகத்தை அண்டியும் இன்னும் கூடும். மாத வாடகையை விட முற்பணம்தான் ஆளை முறிக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கேட்பார்கள். காணி விலையும் வாடகையும் இவ்வளவுக்கு ஏறியதற்கு இங்கே வாங்கும் சம்பளம் காரணமல்ல. வெளிநாட்டுக் காசு காணியில் போய் விழுகிறது, அதற்குப் பின்னால் வாடகை ஏறுகிறது. உங்கள் மனைவி இங்கிருந்து சாவகச்சேரிக்குப் போய்வரும் பஸ் காசையும் சேர்த்தால் உங்களுக்கு 165,000க்கும் மேல் போகும். வருவதெல்லாம் போய்விடும் என்று தெரிந்தே போக வேண்டாம்.

நகரத்துக்கு வடக்கே இணுவில், சுன்னாகம், மருதனார்மடம் என்று போனால் வாடகை இறங்கும், சந்தையும் கிட்ட. ஆனால் அங்கே தண்ணீரைக் கேட்க வேண்டும். வலிகாமத்தின் செம்மண்ணில் மூன்று போகமும் தோட்டம் செய்து உரம் போட்டதில் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. சுன்னாகத்தைச் சுற்றி ஒரு காலம் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வடிகட்டிய தண்ணீரைப் பெரிய கானில் வாங்கிக் குடிக்கும் வீடுகள் அங்கே அதிகம், அது மாதம் மூவாயிரம் நாலாயிரம் என்று பேசாமல் போகும். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய் உங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டதா என்பதை வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

தென்மராட்சி எனக்குப் பிடித்த இடம், அதை மறைக்கவில்லை. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் பக்கத்தில் வளவு பெரிது. ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். அங்கே நாலு பரப்பு வளவோடு வாடகை வீடு 20,000, 25,000க்குப் பேசலாம். அந்த வளவில் பத்துத் தென்னை, இரண்டு பலா, மா, முருங்கை, வாழை நிற்கும். தேங்காய்க் காசும் மரக்கறிக் காசில் ஒரு பகுதியும் மிஞ்சும். ஆனால் ஒன்று, மரத்தின் காய் யாருக்கு என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள். வீட்டை மட்டும் தந்து, ஆள் விட்டுத் தேங்காய் பறிப்பிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 15 கிலோமீற்றர் அளவு. நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் நாளுக்கு 30, மாதம் 22 நாளுக்கு 660 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடினால் 15 லீற்றர் பெற்றோல், லீற்றர் 300 என்று வைத்தால் 4,500 ரூபா. புகையிரதமும் இருக்கிறது, பஸ்ஸும் விடியத் தொடங்கி ஓடும்.

வடமராட்சியில், நெல்லியடியும் பருத்தித்துறையும் தங்களுக்குள் நிறைவான ஊர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் உண்டு. அங்கேயே வேலை செய்பவருக்குச் சொந்த வீட்டோடு ஒரு லட்சம் தாராளம். ஆனால் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 33 கிலோமீற்றர் வரும். அதே கணக்கைப் போட்டால் மாதம் 1,450 கிலோமீற்றர், 32 லீற்றர், ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு மேல். அதோடு நீங்கள் ஒரு பக்கமும் மனைவி இன்னொரு பக்கமும் போக வேண்டி வரும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பது? மீன் மட்டும் உங்கள் கொழும்பு நாக்குக்கு அங்கே சொர்க்கமாக இருக்கும், அதற்காக வீடு மாற முடியாது.

கடற்கரை ஊர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே மாத வருமானம் என்று ஒன்றைக் கேட்பதே பிழையான கேள்வி. பருத்தித்துறையில் ஒரு தொழிலாளி நல்ல காலத்தில் மாதம் இரண்டு லட்சம் பார்த்ததை எழுதியிருக்கிறேன். மாரியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில். இந்திய இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்த இரண்டு லட்சமும் புது வலைக்கு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. அந்தக் கிழமை எங்கள் சங்கத்துக்கு வந்தவர்களில் பலர் கடன் கேட்கவில்லை, இருக்கும் கடனின் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். வருடத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து அவர்களுக்கு மாதம் 110,000 என்று எழுதலாம். ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவரின் 90,000 அதைவிடப் பலமான காசு. தோட்டக்காரருக்கும் இதே கதைதான். வெங்காயம் விலைபோன வருடம் மோட்டார் சைக்கிள், விலை விழுந்த வருடம் அடைவு. இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் சராசரியைப் பார்ப்பதில்லை. ஆகக் குறைந்த மூன்று மாதத்தை எழுதச் சொல்வேன், அதில் அடுப்பு எரிந்தால்தான் கடன்.

தீவுப்பகுதி உங்களுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் இவற்றுக்குத் தரைப்பாதை உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு என்றால் குறிகாட்டுவானிலிருந்து படகு ஏற வேண்டும், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் கடலில். வாழும் செலவு அங்கே உண்மையிலேயே குறைவு. வாடகை இல்லை, மீன் மலிவு, செலவழிக்கக் கடையும் குறைவு. ஆனால் தீவை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் காசு. உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் பவுசரைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பினால் யாழ்ப்பாணத்தில் ஒரு அறை எடுத்து விட வேண்டி வரும். அந்த நாளில் இருந்து நீங்கள் இரண்டு அடுப்பு எரிக்கிறீர்கள். தீவில் வயதானவர்கள் 60,000ரூபாவில் நிம்மதியாக இருப்பதையும், வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள் அதைவிட இரண்டு மடங்கு வந்தும் திணறுவதையும் பார்த்தால் இதுதான் காரணம்.

அம்மாவின் வீட்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பூட்டிக் கிடந்த வீட்டில் கூரை மரமும் வயரும்தான் முதலில் போகும். திருத்த லட்சங்கள் வேண்டும், அதற்கு நீங்கள் கடன் எடுப்பீர்கள், தவணை வாடகை அளவுக்கே வரும். உங்கள் மனைவி பண்ணை வீதியால் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சாவகச்சேரி போய், திரும்ப வேண்டும். ஒரு வருடத்தில் களைத்துவிடுவார். வீட்டை விற்க வேண்டாம். ஒரு ஆளை விட்டு வளவைத் துப்புரவாக்கி, ஓட்டை மாற்றி, கிணற்றை இறைத்து வையுங்கள். பிள்ளைகள் படித்து முடித்த பிறகு உங்கள் இருவருக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

நாலாவதாகச் சொன்னேனே, வெளிநாட்டுக் காசு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. மாதம் 200 டொலர் வந்த வீட்டுக்கு 40,000 ரூபா 72,000 ஆனது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். கனடாவில் தம்பி இருந்தவர் அந்த அலையைக் கடந்துவிட்டார், சம்பளத்தை மட்டும் நம்பியவர் அந்த வருடம் எடுத்த கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்க்கையைப் பார்த்து உங்கள் செலவைத் திட்டமிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அவருக்கு வருவது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி யாராவது அனுப்பினாலும் அதை அடுப்படிக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். அனுப்புகிறவருக்கும் அங்கே வீட்டுக் கடன் இருக்கிறது, வயது போகிறது.

ரியூசன் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் படிப்பு இலவசம், பாடப்புத்தகம் இலவசம், ஆனால் ரியூசன் இல்லாத பிள்ளை அரிது. மூத்தவள் உயர்தரம் போகும்போது 15,000 என்ற அந்த வரி 25,000 ஆகும். அதை இப்போதே எதிர்பாருங்கள். மருத்துவமும் அப்படித்தான். பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் காத்திருக்க முடியாமல் தனியாரிடம் போனால் வைத்தியர் கட்டணமும் பரிசோதனையும் சேர்ந்து ஒரு நாளில் ஐயாயிரத்தை விழுங்கிவிடும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: சம்பளக் கடிதத்தில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் முதலில் போகும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை, ஆகவே இங்கே பெரும்பாலானவர்களுக்கு வரி ஒரு கவலையில்லை. லீசிங் தவணையும் நுண்கடன் தவணையும்தான் கவலை. கிழமைக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து வாங்கும் கடன் ஒன்று இருந்தால், நான் சொன்ன எந்தத் தொகையும் உங்களுக்குப் போதாது. முதலில் அதை முடியுங்கள்.

உங்கள் கணக்கு இப்போது சுலபம். சாவகச்சேரியில் வாடகை 22,000. என் 124,000இல் தேங்காய், மரக்கறியில் ஐயாயிரம் குறையும், மனைவியும் பிள்ளைகளும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போக்குவரத்தில் நாலாயிரம் குறையும், ரியூசனிலும் மூவாயிரம் குறையும். ஆக 134,000. கையில் 31,000 மிஞ்சும், சேமிப்பாக எழுதிய 10,000 அதற்கு வெளியே. மூத்தவள் உயர்தரம் போகும் காலத்துக்கும், வேலணைக் கூரைக்கும் அந்தக் காசு போதும்.

மனைவியின் பாடசாலைக்குக் கிட்டவே பாருங்கள். போகும்போது மூன்று மாதக் கறண்ட் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாரி பெய்தால் ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். முற்பணத்தைக் கொடுக்கும் முன்பு கிணற்றில் ஒரு வாளி அள்ளி, நீங்களும் மனைவியும் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.